பைதானில் பக்கத்துக் கோப்பை அழைப்பது: புள்ளி இம்போர்ட்டுக்கு முழுமையான வழிகாட்டி

பினாங்கில் எஸ்.பி.எம். தேர்வு முடித்துவிட்டுக் கல்லூரிக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு வார இறுதிகளில் பைதான் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரே கோப்பில் எழுதும் வரை எல்லோரும் நன்றாகப் போகிறார்கள். நிரல் நீண்டு, அதை மூன்று நான்கு கோப்புகளாகப் பிரிக்கும் நாளில் வகுப்பே நின்றுவிடுகிறது. கண்ணெதிரே இருக்கும் கோப்பைக் காணவில்லை என்கிறது பைதான். அந்தக் கோப்பை அழைக்கும் இம்போர்ட் வரியில் அதன் பெயருக்கு முன் புள்ளி வைத்தால் வேறொரு பிழை வருகிறது, எடுத்தால் பழைய பிழை திரும்பி வருகிறது. கடைசியில் இணையத்தில் கிடைத்த ஏதோ இரண்டு வரியை ஒட்டி ஓடவைத்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் இன்னொரு கணினியில் அதுவும் ஓடாது.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். பெரும்பாலோர் நேராக நான்காம் படிக்குப் போய்ப் புள்ளிகளை எண்ணத் தொடங்குகிறார்கள். கோளாறு அநேகமாக இரண்டாம் படியிலோ ஐந்தாம் படியிலோதான் இருக்கும்.

எடுத்துக்காட்டுக்குத் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் இளைஞர்கள் போடும் தண்ணீர்ப் பந்தலை எடுத்துக்கொள்வோம். நன்கொடை வரவு ஒரு கோப்பில், சர்பத்தும் மோரும் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு இன்னொரு கோப்பில்.

ஒரு குறிப்பு. பைதானின் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். இம்போர்ட், ஃப்ரம், பிரிண்ட், இனிட் போன்றவற்றையும் கோப்பு நீட்சியையும் நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். பந்தல், வரவு, சரக்கு என்று நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். பைதான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பைதான் 3 வேண்டும், 3.10 அல்லது அதற்குப் பிந்தையது நல்லது. புதிய பதிப்புகளின் பிழைச் செய்திகள் பழையவற்றைவிடத் தெளிவாக இருக்கும்.

டெர்மினலைத் திறக்கவும், சிடி கட்டளையால் ஒரு கோப்புறைக்குள் போகவும் தெரிந்திருக்க வேண்டும். எடிட்டரின் ஓட்டு பொத்தானை மட்டுமே நம்பிப் பழகியவர்கள் இந்த ஒன்றை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். நிரலை எங்கே நின்று தொடங்குகிறோம் என்பதுதான் இந்த முழு விஷயத்தின் அச்சு. பொத்தான் அதை உங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் ஃபைல் எக்ஸ்புளோரரில் கோப்பு நீட்சிகள் தெரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள். நீட்சி மறைந்திருக்கும்போது நோட்பேடில் சேமித்த கோப்பின் வால் பகுதியில் .டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டிருந்தாலும் தெரியாது. அப்படிப்பட்ட கோப்பைப் பைதான் ஒருநாளும் மாட்யூலாக, அதாவது மற்றக் கோப்புகள் அழைக்கக்கூடிய பைதான் கோப்பாக, எடுத்துக்கொள்ளாது.

2. கோப்புறைகளை முதலில் அடுக்குங்கள்

ஒரு வரி நிரல் எழுதும் முன் இந்த அமைப்பை உருவாக்கிவிடுங்கள்:

தைப்பூசம்/
    பந்தல்/
        __இனிட்__.பிஒய்
        செயலி.பிஒய்
        வரவு.பிஒய்
        விலை.சிஎஸ்வி
        இருப்பு/
            __இனிட்__.பிஒய்
            சரக்கு.பிஒய்
            அளவு.பிஒய்

வெளியே இருக்கும் தைப்பூசம் என்பது திட்டக் கோப்புறை. அதற்குள் இனிட் கோப்பு வைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பந்தல்தான் பேக்கேஜ், அதாவது மாட்யூல்களைத் தொகுத்து வைத்திருக்கும் கோப்புறை. இருப்பு அதன் உட்பேக்கேஜ். இந்த இரண்டு தளங்களையும் பிரித்து வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: நிற்கும் இடம் ஒன்று, அழைக்கப்படும் பெயர் இன்னொன்று. இரண்டையும் ஒரே கோப்புறையில் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் பிறகு எத்தனை புள்ளி வைத்தும் பயனில்லை.

இனிட் கோப்பு வெறுமையாகவே இருக்கலாம். பெயரின் இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடு வர வேண்டும். ஒற்றை அடிக்கோடு போட்டுவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவோர் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. பைதான் 3.3 முதல் இந்தக் கோப்பு இல்லாமலும் ஒரு கோப்புறை பேக்கேஜாக நடந்துகொள்ளும் என்பது உண்மை. இருந்தாலும் வைத்துவிடுங்கள். இனிட் இல்லாத கோப்புறையைக் கண்டால் பைதான் அதை மனத்தில் குறித்துக்கொண்டு மேலும் தேடிக்கொண்டே போகும். வேறெங்கோ அதே பெயரில் இனிட் உள்ள பேக்கேஜ் இருந்தால் அதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

பெயர் வைப்பதில் சில தடைகள் உள்ளன. இடைவெளி, இடைக்கோடு, எண்ணில் தொடங்கும் பெயர் ஆகியவை இம்போர்ட் வரியில் செல்லாது. பேக்கேஜின் பெயரையே அதற்குள் இருக்கும் கோப்புக்கும் வைக்காதீர்கள். பந்தல் கோப்புறைக்குள் பந்தல்.பிஒய் இருந்தால், அதை நேரடியாக ஓட்டும்போது அந்தக் கோப்பே பேக்கேஜின் இடத்தைப் பிடித்துக்கொண்டு "பந்தல் ஒரு பேக்கேஜ் அல்ல" என்ற செய்தி வரும்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இதைப் பலர் அறிவதில்லை. ொ, ோ, ௌ ஆகிய குறிகளை யூனிகோடில் இரண்டு வகையாகச் சேமிக்க முடியும்: ஒரே குறியாகவோ, கொம்பும் காலுமாக இரு குறிகளாகவோ. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைதான் நிரலுக்குள் வரும் பெயர்களை ஒரே வடிவத்துக்குச் சீராக்கிவிடும். கோப்பின் பெயரையோ விண்டோஸும் லினக்ஸும் தட்டச்சு செய்தபடியே வைத்திருக்கும். விசைப்பலகை பிரித்துச் சேமித்திருந்தால் பொருள்.பிஒய் கண்முன் இருந்தும் கிடைக்காது. அதனால்தான் இங்கே சரக்கு என்று வைத்திருக்கிறேன். கோப்பின் பெயரில் அந்த மூன்று குறிகளையும் தவிர்த்துவிடுங்கள்.

3. பைதான் எங்கே தேடுகிறது என்று கண்ணால் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். செயலி.பிஒய் கோப்பில் இந்த மூன்று வரிகளை மட்டும் எழுதுங்கள்:

இம்போர்ட் சிஸ்
பிரிண்ட்(சிஸ்.பாத்[0])
பிரிண்ட்(__நேம்__, __பேக்கேஜ்__)

இப்போது தைப்பூசம் கோப்புறையில் நின்றுகொண்டு இரண்டு விதமாக ஓட்டிப் பாருங்கள். விண்டோஸில் பிஒய் என்றும், மேக்கிலும் லினக்ஸிலும் பைதான்3 என்றும் தொடங்க வேண்டும்.

பிஒய் பந்தல்/செயலி.பிஒய்

பிஒய் -எம் பந்தல்.செயலி

முதல் முறையில் தேடும் இடமாகப் பந்தல் கோப்புறை அச்சாகும். நீங்கள் நிற்பது தைப்பூசத்தில்தான். ஆனாலும் பைதான் ஓட்டப்படும் கோப்பு இருக்கும் கோப்புறையையே முதல் இடமாக எடுத்துக்கொள்கிறது. கீழே __மெய்ன்__ என்றும் நன் (பைதானில் "எதுவும் இல்லை" என்று பொருள்) என்றும் வரும். அதாவது இந்தக் கோப்புக்குத் தான் எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தவன் என்று தெரியாது.

இரண்டாம் முறையில் தேடும் இடம் தைப்பூசம், நீங்கள் நிற்கும் இடம். பெயர் அப்போதும் __மெய்ன்__தான். ஆனால் பேக்கேஜ் என்ற இடத்தில் பந்தல் என்று வரும்.

கோப்பு அதேதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. தொடங்கிய விதம் மட்டுமே மாறியது. "அண்ணே, நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை" என்று ஒருவர் வந்தால் நான் நிரலைப் பார்ப்பதற்கு முன் இந்த மூன்று வரிகளைத்தான் ஓட்டச் சொல்வேன்.

சிஸ்.பாத் முழுவதையும் அச்சிட்டால் மற்ற இடங்களும் தெரியும். முதலில் மேலே பார்த்த இடம், பிறகு பைதான்பாத் என்ற சூழல் மாறியில் ஏதாவது இருந்தால் அது, பிறகு பைதானுடன் வந்த நூலகங்கள், கடைசியில் பிப் என்ற நிறுவும் கருவி மூலம் நிறுவியவை. இந்த வரிசை முக்கியம். முதல் இடத்தில் நீங்கள் ரேண்டம்.பிஒய் என்றோ கேலண்டர்.பிஒய் என்றோ ஒரு பயிற்சிக் கோப்பை வைத்திருந்தால், பைதானின் சொந்த மாட்யூலுக்குப் பதில் உங்களுடையதே ஏற்றப்படும். தைப்பூசத் தேதிக்காக எழுதிய கேலண்டர் கோப்பு, அந்த மாட்யூலை நம்பியிருக்கும் வேறு நூலகங்களையும் முறித்துவிடும். பதிப்பு 3.13 முதல் இப்படிப் பெயர் மோதும்போது கோப்பின் பெயரை மாற்றச் சொல்லிப் பிழைச் செய்தியே குறிப்புத் தருகிறது.

4. புள்ளிகளை எழுதுங்கள்

முதலில் அளவு.பிஒய். ஒரு குவளை 250 மில்லி என்று வைத்துக்கொள்வோம்:

டெஃப் குவளை(லிட்டர்):
    ரிட்டர்ன் லிட்டர் * 4

வரவு.பிஒய் கோப்பில் வசூல் என்ற ஒரு ஃபங்ஷன் இருக்கட்டும்; நன்கொடையாக வந்த ரிங்கிட்டைக் கூட்டித் தரட்டும். இனி சரக்கு.பிஒய் இரண்டையும் அழைக்க வேண்டும்:

ஃப்ரம் .அளவு இம்போர்ட் குவளை
ஃப்ரம் ..வரவு இம்போர்ட் வசூல்

செயலி.பிஒய் கோப்பில்:

ஃப்ரம் . இம்போர்ட் வரவு
ஃப்ரம் .இருப்பு இம்போர்ட் சரக்கு

புள்ளியைக் கோப்புறைப் பாதையின் புள்ளியாக நினைப்பதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர். டெர்மினலில் இரட்டைப் புள்ளியும் சாய்கோடும் போட்டு மேலே போவது வட்டில் உள்ள கோப்புறையை வைத்து நடக்கும் கணக்கு. இம்போர்ட்டில் வரும் புள்ளி அப்படி அல்ல. அது அந்த மாட்யூல் எந்தப் பெயரில் ஏற்றப்பட்டதோ அந்தப் பெயரை வைத்து நடக்கும் கணக்கு.

சரக்கின் முழுப்பெயர் பந்தல்.இருப்பு.சரக்கு. அது இருக்கும் பேக்கேஜ் பந்தல்.இருப்பு. ஒரு புள்ளி அந்தப் பேக்கேஜையே குறிக்கும். இரண்டு புள்ளி அதன் தாய்ப் பேக்கேஜான பந்தல். மூன்று புள்ளி போட்டால் பந்தலுக்கும் மேலே போக வேண்டும். அங்கே பெயரே இல்லை, ஆகவே பிழை. தைப்பூசம் என்று ஒரு கோப்புறை வட்டில் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது நிற்கும் இடம், பேக்கேஜ் அல்ல.

"பக்கத்து வீடு" என்று சொல்ல வேண்டுமானால் சொல்பவருக்குத் தன் வீடு எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் படியில் நன் என்று அச்சான கோப்பு புள்ளி வைத்தால் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு இதுதான் விடை.

இனிட் கோப்புக்குள் புள்ளி வைக்கும்போது மட்டும் சற்று நிதானம் தேவை. இருப்பு கோப்புறையின் இனிட் கோப்பில் ஒரு புள்ளி என்றால் அது இருப்பையே குறிக்கும், பந்தலை அல்ல.

புள்ளி எப்போதும் ஃப்ரம் வடிவத்தில்தான் வரும். இம்போர்ட் .வரவு என்று எழுதினால் அது இலக்கணப் பிழை. புள்ளியே இல்லாமல் ஃப்ரம் பந்தல்.வரவு இம்போர்ட் வசூல் என்று முழுப்பெயரிலும் எழுதலாம். தைப்பூசத்திலிருந்து தொடங்கினால் அதுவும் சரியாக ஓடும். ஒரே பேக்கேஜுக்குள் அண்டை மாட்யூலை அழைக்கப் புள்ளியும், இரண்டுக்கு மேற்பட்ட தளம் தாண்டும்போது முழுப்பெயரும் எழுதுவது என் வழக்கம். நான்கு புள்ளிகளை எண்ணிப் பார்த்து வாசிக்க யாராலும் முடியாது.

5. எப்போதும் ஒரே இடத்திலிருந்து தொடங்குங்கள்

தைப்பூசம் கோப்புறையில் நின்று, -எம் போட்டு, புள்ளிப் பெயரில் ஓட்டுங்கள்:

பிஒய் -எம் பந்தல்.செயலி

நீட்சியை எழுதக் கூடாது, சாய்கோடும் கூடாது. நீங்கள் தருவது மாட்யூலின் பெயர், கோப்பின் பாதை அல்ல. சரக்கு மாட்யூலை மட்டும் சோதிக்க விரும்பினால் இருப்பு கோப்புறைக்குள் இறங்க வேண்டாம். அதே இடத்தில் நின்றபடியே பிஒய் -எம் பந்தல்.இருப்பு.சரக்கு என்று ஓட்டுங்கள்.

புதியவர்கள் இங்கே ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. பந்தல் கோப்புறைக்குள் போய், புள்ளியை எடுத்துவிட்டு, வெறும் இம்போர்ட் வரவு என்று எழுதி நேரடியாக ஓட்டினால் அதுவும் வேலை செய்யும். தேடும் முதல் இடம் பந்தல் கோப்புறையாக இருப்பதால் வரவு கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த வரி அந்த ஒரு முறையில் மட்டுமே உயிரோடு இருக்கும். வெளியிலிருந்து யாராவது பந்தலைப் பேக்கேஜாக அழைத்த உடனே முறிந்துவிடும். ஓடுகிறது என்பதற்காக அங்கே நின்றுவிடாதீர்கள்.

விஷுவல் ஸ்டூடியோ கோட் பயன்படுத்துபவர்கள் பந்தல் கோப்புறையை அல்ல, தைப்பூசம் கோப்புறையைத் திறக்க வேண்டும். மேலே இருக்கும் ஓட்டு பொத்தான் கோப்பின் பாதையைக் கொடுத்தே ஓட்டும். அதனால் புள்ளி இம்போர்ட் உள்ள கோப்பில் அது பிழை காட்டும். எடிட்டரின் அமைப்புக் கோப்பான லாஞ்ச்.ஜேசனில் புரோகிராம் என்ற வரிக்குப் பதில் மாட்யூல் என்று வைத்து அதற்குப் பந்தல்.செயலி என்று மதிப்புக் கொடுத்தால் பிழைதிருத்தியும் சரியாகத் தொடங்கும். ஜூபிட்டர் நோட்புக்கின் கட்டங்களில் புள்ளி இம்போர்ட் வேலை செய்யாது. நோட்புக்கைத் தைப்பூசத்தில் வைத்து முழுப்பெயரில் அழையுங்கள்.

பந்தல் கோப்புறைக்குள் __மெய்ன்__.பிஒய் என்று ஒரு சிறு கோப்பு வைத்தால் பிஒய் -எம் பந்தல் என்ற அளவிலேயே ஓட்டலாம். நான் இதைப் பரிந்துரைக்கிறேன். காரணம் அடுத்த படியில்.

6. ஒரே கோப்பு இருமுறை ஏற்றப்படும் சிக்கல்

பிழைச் செய்தியே வராமல் விடை மட்டும் தவறாக வருவதால் இதுதான் எல்லாவற்றிலும் கொடியது.

செயலி.பிஒய் கோப்பில் நன்கொடையாளர் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறீர்கள். வரவு மாட்யூல் தன் வசூல் ஃபங்ஷனுக்குள் அந்தப் பட்டியலை ஃப்ரம் .செயலி இம்போர்ட் பட்டியல் என்று எடுக்கிறது. பெயர்களைச் செயலி சேர்க்கிறது. வரவு கூட்டிப் பார்த்தால் பூஜ்யம் ரிங்கிட் வருகிறது.

பைதான் ஏற்றிய ஒவ்வொரு மாட்யூலையும் சிஸ்.மாட்யூல்ஸ் என்ற அகராதியில் அதன் பெயரில் பதிந்து வைக்கும். அடுத்த முறை அதே பெயர் வந்தால் மீண்டும் ஓட்டாது. நீங்கள் தொடங்கிய கோப்பு அங்கே __மெய்ன்__ என்று பதிவாகியிருக்கிறது. வரவு கேட்பதோ பந்தல்.செயலி. அந்தப் பெயர் இல்லாததால் பைதான் அதே கோப்பை இன்னொரு முறை ஏற்றுகிறது. இப்போது பட்டியல் இரண்டு. நீங்கள் நிரப்பியது ஒன்று, கூட்டியது மற்றொன்று.

தொடக்கக் கோப்பை யாரும் இம்போர்ட் செய்யக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலைத் தனி மாட்யூலுக்கு நகர்த்துங்கள். __மெய்ன்__.பிஒய் கோப்பில் இரண்டே வரி: செயலியை இம்போர்ட் செய்வதும் அதன் முதன்மை ஃபங்ஷனை அழைப்பதும். அதற்கு மேல் அங்கே எதுவும் வேண்டாம்.

7. ஒன்றையொன்று அழைக்கும் மாட்யூல்கள்

சரக்கு ஏற்கெனவே வரவை அழைக்கிறது. நாளை வரவுக் கோப்பில் "மீதமுள்ள சரக்கின் மதிப்பையும் சேர்" என்ற எண்ணம் வந்து, அங்கே ஃப்ரம் .இருப்பு.சரக்கு இம்போர்ட் மீதி என்று எழுதுவீர்கள். உடனே, பாதி ஏற்றப்பட்ட மாட்யூலிலிருந்து பெயரை எடுக்க முடியவில்லை என்ற பிழை வரும். பதிப்பு 3.8 முதல் இதற்குச் சுற்று இம்போர்ட் காரணமாக இருக்கலாம் என்றும் செய்தியிலேயே சேர்த்துச் சொல்கிறது.

பைதான் கோப்பை மேலிருந்து கீழாக ஓட்டுகிறது. ஒரு மாட்யூல் முதல் வரிகளில் இருக்கும்போதே இன்னொன்று அதனிடம் கேட்டால், கீழே எழுதப்பட்டிருக்கும் ஃபங்ஷன் இன்னும் பிறக்கவில்லை. இருவருக்கும் பொதுவான பகுதியை மூன்றாவது மாட்யூலில் வையுங்கள். அது முடியாதபோது இம்போர்ட் வரியைத் தேவைப்படும் ஃபங்ஷனுக்குள் நகர்த்தலாம். ஃபங்ஷன் அழைக்கப்படும் நேரத்தில் இரண்டும் முழுதாக ஏற்றப்பட்டிருக்கும். நான் முதல் வழியைத்தான் விரும்புகிறேன். சுற்று உருவாகிறது என்றால் பொறுப்பைப் பிரித்ததிலேயே எங்கோ பிசகு இருக்கிறது.

8. தரவுக் கோப்புக்கு வேறு கணக்கு

ஓபன்("விலை.சிஎஸ்வி") என்று எழுதினால் பைதான் அதை நீங்கள் நிற்கும் கோப்புறையில் தேடும், நிரல் இருக்கும் கோப்புறையில் அல்ல, சிஸ்.பாத்திலும் அல்ல. மாட்யூல்கள் எல்லாம் சரியாக ஏறிய பிறகும் கோப்பு இல்லை என்று பிழை வருவது இதனால்தான்.

ஃப்ரம் பாத்லிப் இம்போர்ட் பாத்
இடம் = பாத்(__ஃபைல்__).பேரன்ட்
கோப்பு = ஓபன்(இடம் / "விலை.சிஎஸ்வி", என்கோடிங்="யுடிஎஃப்-8")

__ஃபைல்__ என்பது அந்த மாட்யூல் வட்டில் இருக்கும் பாதை. எங்கே நின்று தொடங்கினாலும் அது மாறாது. என்கோடிங்கையும் விட்டுவிடாதீர்கள். விண்டோஸில் அதைச் சொல்லாவிட்டால் கணினியின் வழக்கமான குறியீட்டில் வாசிக்க முயன்று, தமிழ்ப் பெயர்கள் சிதைந்துபோகலாம் அல்லது நிரல் நின்றுவிடலாம்.

எழுத்து வகையிலும் ஒரு வேறுபாடு உண்டு. கோப்புக்கு ஆங்கிலப் பெயர் வைத்தால், ஓபன் விண்டோஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பாராமல் திறந்துவிடும். இம்போர்ட்டோ விண்டோஸிலும் பார்க்கும். உங்கள் மடிக்கணினியில் திறந்த தரவுக் கோப்பு லினக்ஸ் சர்வரில் திறக்காமல் போவது இங்கிருந்துதான்.

9. சிஸ்.பாத்தில் கை வைக்கும் முன்

சிஸ்.பாத்.அப்பெண்ட் என்று ஒரு பாதையைச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற அறிவுரை எங்கும் கிடைக்கிறது. நான் அதை வகுப்பில் அனுமதிப்பதில்லை. அந்தப் பாதை உங்கள் கணினியின் பாதை. நண்பரின் கணினியில் அது இருக்காது. பந்தல் கோப்புறையைச் சேர்த்துவிட்டால் இன்னொரு கேடும் வரும்: ஒரே கோப்பு ஓரிடத்தில் வரவு என்றும், இன்னோரிடத்தில் பந்தல்.வரவு என்றும் ஏறும். ஆறாம் படியின் இரட்டைச் சிக்கல் அப்படியே திரும்பிவிடும்.

வேறு கோப்புறைகளிலிருந்தும் பந்தலை அழைக்க வேண்டிய உண்மையான தேவை வந்தால், வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒரு திட்டத்துக்கென்று தனியாகப் பிரித்து வைக்கும் பைதான் சூழல்) ஒன்றை உருவாக்கி, திட்டக் கோப்புறையில் திட்டத்தின் விவரம் சொல்லும் பைபுராஜெக்ட்.டாம்ல் கோப்பு எழுதி, இப்படி நிறுவுங்கள்:

பிஒய் -எம் பிப் இன்ஸ்டால் -இ .

கடைசியில் இருக்கும் புள்ளி "இந்தக் கோப்புறை" என்று பொருள்; அதையும் தட்டச்சு செய்ய வேண்டும். இதன் பிறகு எங்கே நின்றாலும் பந்தல் கிடைக்கும், நிரலைத் திருத்தினால் மறுபடி நிறுவவும் வேண்டாம். திட்டக் கோப்புறையில் ஒன்றுக்கு மேற்பட்ட பேக்கேஜ்கள் இருந்தால், நிறுவும்போது பேக்கேஜைக் கட்டும் கருவியான செட்அப்டூல்ஸ் எதை எடுப்பது என்று தானாக முடிவு செய்ய மறுக்கும். அப்போது எஸ்ஆர்சி என்று ஒரு கோப்புறை போட்டுப் பேக்கேஜ்களை அதற்குள் நகர்த்துங்கள். இந்தக் கட்டம் வந்ததும் பெயர்களை ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிடுவதே நல்லது. நிறுவும் திட்டத்தின் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் இடைக்கோடும் புள்ளியும் மட்டுமே செல்லும்.

10. பிழைச் செய்தி வந்தால் எதைப் பார்ப்பது

"நோ மாட்யூல் நேம்ட் பந்தல்" என்றால் நிற்கும் இடம் தவறு. அநேகமாகப் பந்தலுக்குள்ளேயே நிற்கிறீர்கள். ஒரு படி மேலே ஏறுங்கள்.

"நோ மாட்யூல் நேம்ட் வரவு" என்றால் ஏதோ ஒரு கோப்பில் புள்ளி விடுபட்டிருக்கிறது. எந்தக் கோப்பு, எந்த வரி என்பது செய்தியின் கடைசி வரிக்கு மேலேயே இருக்கும். அதை வாசிக்காமல் முதலில் கண்ணில் படும் கோப்பைத் திருத்துவோர் நிறைய.

"அட்டெம்ப்டட் ரிலேட்டிவ் இம்போர்ட் வித் நோ நோன் பேரன்ட் பேக்கேஜ்" என்றால் புள்ளிகளைத் தொடாதீர்கள். நிரலில் குறையில்லை, அநேகமாக -எம் இல்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள்.

"பியாண்ட் டாப்-லெவல் பேக்கேஜ்" என்று முடிந்தால் ஒரு புள்ளி அதிகம், அல்லது தைப்பூசத்துக்குக் கீழே எங்கோ இறங்கி நின்று தொடங்கியிருக்கிறீர்கள். இருப்பு.சரக்கு என்ற பெயரில் ஏற்றினால் இரண்டு புள்ளிகூட அதிகமாகிவிடும்.

எல்லாம் ஓடிய பிறகு தைப்பூசம் கோப்புறையை முழுமையாக இன்னொரு கணினிக்கோ வேறொரு வட்டுக்கோ நகலெடுத்து, அங்கே நின்று ஐந்தாம் படியின் கட்டளையை மீண்டும் ஓட்டுங்கள். __பைகேஷ்__ என்ற கோப்புறைகளை நகலெடுக்க வேண்டாம். பைதான் அவற்றைத் தானே மீண்டும் உருவாக்கிக்கொள்ளும்.